நாற்பது கிராம் டப்பா

தைலம் காய்ச்சத் தெரியும் எனக்கு.
மைதோ மேட்டில் வடித்த ஜெரேனியம் எண்ணெய்,
தேன்மெழுகு, ஏழு தண்ணீரில் கழுவிய
கற்றாழைச் சோறு.
காய்ச்சியதை யார் காசு கொடுத்து வாங்குவார்
என்பதுதான் தெரியவில்லை.

கரும்பு லாரிப் புழுதி படியும் சாந்த் ஆந்த்ரேயில்
மருந்துக்கடைப் பின்னறையில் உட்கார்ந்து
ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
கிழக்குக் கரையில் பதினோரு கோயில்.
கோயிலுக்கு நாற்பது பேர் தீ மிதிப்பார்.
ஆளுக்கு இரண்டு கால்.
காலை எதற்கு எண்ணினேன்?
ஒரு டப்பா இரண்டுக்கும் போதுமே.
ஆசை எதையும் இரட்டித்துத்தான் எண்ணும்.

நானூற்று நாற்பது டப்பா,
டப்பா ஒன்பது யூரோ.
மூடியில் சின்னதாக ஒரு தீநாக்கு.

வங்கியில் மதாம் ஒவாரோ கண்ணாடியை இறக்கிக்கொண்டு
"வாங்குகிறவர்கள் யாரையாவது கேட்டீர்களா?" என்றாள்.
கேட்டேன் என்றேன்.
கேட்டது என்னை மட்டும்தான்.
போன வருஷம் நானும் இறங்கினேன், பதினெட்டு நாள் விரதமிருந்து.
பாலில் கால் நனைத்துச் சிரித்தபடி வீடு வந்து
நள்ளிரவில் கதவைத் தாழிட்டுப்
பற்பசை தடவிக்கொண்டேன் கொப்புளத்தில்.
இதைக் கடன் மனுவில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஊரைக் கேட்கக் கிளம்பினேன்.
ரெஜிஸ் வையாபுரி மஞ்சள் வேட்டியை உதறிக் கட்டியபடி
"பூக்குழி என்றுதானே பெயர்?
பூ சுடுமா? எனக்கெதற்கு?
கஸ்தோனுக்குக் கொடு, அவனுக்கு வாய் சுத்தமில்லை" என்றார்.
கஸ்தோன் தன் தம்பியைக் காட்டினான்.
தம்பி சந்துக்கோடியில் ஒரு வீட்டைக் காட்டினான்.
அந்த வீட்டுக்காரர்
ரெஜிஸைக் காட்டினார்.

இருபத்தாறு பேரிடம் கேட்டேன்.
"நல்ல யோசனை" என்று சொன்னவர் இருபத்தாறு பேர்.
ஒருவரும் விலை கேட்கவில்லை.

தீமிதி அன்று கூட்டம் முகங்களைப் பார்த்தது.
நான் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாவமென்றால் பாவம்தான்.
பால்குழி தாண்டி,
பாதத்தின் வெளிவிளிம்பில் மட்டும் ஊன்றி
நடந்து போனார் ஒருவர்.
மேளத்துக்கு ஆடுகிறார் என்று நினைத்தார்கள்.

திங்கட்கிழமை ரெஜிஸ் வந்தார்.
ஜனவரிப் புழுக்கத்தில் மூடிய ஷூ.
"மாமியாருக்குக் குதிகால் வெடிப்பு.
ஏதோ வைத்திருக்கிறாயாமே?"
விலை கேட்காமல் நோட்டை வைத்தார்,
மீதியை வாங்காமல் போனார்.
பத்தரைக்குக் கஸ்தோன். அவனுக்கும் மாமியார்.
கல்யாணமே ஆகாத தம்பி
நாய்க்கு என்றான்.
கடை சாத்துவதற்குள் பத்தொன்பது டப்பா.

அன்றிரவு மூடிமூடியாக
நகத்தால் சுரண்டினேன் தீநாக்கை.
புதுச் சீட்டு ஒட்டினேன்: குதிகால் வெடிப்புக்கு.

அப்புறம் மூன்று நாள் எவரும் வரவில்லை.
பத்தொன்பது எங்கே, நானூற்று நாற்பது எங்கே.
வருஷத்துக்கு ஒரு தீ, அதற்கொரு திங்கட்கிழமை,
அதை நம்பி
மதாம் ஒவாரோ முன் போய் உட்காருவதா?
மிச்ச டப்பாக்களை
அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
ஒரு பெண்மணி வந்தாள்.
முப்பது வருஷம் வனிலாத் தோட்டத்துச் சேற்றில் நின்ற கால்,
குதிகாலில் விரல் நுழையும் பிளவு.
ழினேத் கருப்பாயி. ரெஜிஸின் மாமியார்.

"மருமகன் என் பேரைச் சொல்லி வாங்கினானாமே ஒரு தைலம்.
அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறான்.
பூட்டுக்கு வெளியே மணக்கிறது.
எங்கே, காட்டு."

திறந்தாள். முகர்ந்தாள்.
புறங்கையில் தேய்த்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எவ்வளவு?"
"ஒன்பது."
"ஒன்பதா! தங்கமா காய்ச்சினாய்?
ஆறு.
எங்கள் தோட்டத்தில் இன்னும் முப்பது பெண்கள் இருக்கிறோம், தெரியுமா?"

இந்தத் தைலத்துக்கு
முதன்முதலாக ஒருத்தி பேரம் பேசுகிறாள்.
அட்டைப்பெட்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு,
ஸ்டூலை இழுத்து அவள் எதிரே போட்டுக்கொண்டு,
"எட்டரை" என்றேன்.